சின்ன ர போட்ட நாவல்

என் மாப்பிள்ளை கறை எடுக்கிறவர். ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதியிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும் பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஒரு பக்கம் பீப்பாய் மாதிரி இயந்திரங்கள் உருண்டுகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ஆவி சீறும் இஸ்திரி மேசைகள். நடுவில் ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் விழும் இடத்தில் இவருடைய மேசை. இயந்திரம் கைவிட்ட துணி இவரிடம் வரும். வினிகர் குப்பி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். ரத்தக் கறைக்கு வெந்நீர் காட்டக் கூடாதாம், காட்டினால் ஒட்டிக்கொண்டுவிடுமாம். அங்கே இருக்கிறவர்கள் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கறைக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு நாவல் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு வீடு, வண்டி என்று இருக்கும் இல்லையா, இவருக்கு அது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே சொன்னார். "பையன் கூச்சப்படாம பேசுறான்" என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நான் சந்தோஷப்படவில்லை. ஆனால் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

விரிப்பு ஊறுகிற நேரத்தில் எழுதுவார். ஊறின துணியை எடுக்க வேண்டிய நேரம் தப்பாதபடி, கண்ணில் பாதி துணி மேலும் பாதி தாள் மேலும் இருக்கும் என்று என் மகள் சிரிப்பாள். அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். அதனால் எழுதியதை மாப்பிள்ளை எனக்குப் படித்துக் காட்டுவார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

"அத்தை, இது சரியா வந்திருக்கா பாருங்க."

"வாசிங்க மாப்பிள்ளை. பூண்டு உரிக்கிற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல."

கதை இதுதான். துணி வெளுத்துப் பிழைக்கிற ஒரு பெண். அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் செத்துப்போகிறான். அவன் போட்டிருந்த சட்டை மட்டும் அவள் கைக்கு வருகிறது. அதில் ஒரு கறை. ஊர்த் துணியின் கறையை எல்லாம் எடுக்கிறவள் அந்தச் சட்டையை மட்டும் தண்ணீரில் போட மாட்டேன் என்கிறாள். மாமியார் கேட்கிறாள், மகன் கேட்கிறான், துவைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. "அந்தப் பொம்பளை சட்டையத் துவைச்சுக் காயப்போட்டுட்டு அடுத்த வேலையப் பார்க்கலாமே" என்று நான் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டு அதையே ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் வாயில் போட்டுவிட்டார். கடைசி வரியை அவர் வாசித்தபோது என் கையில் பூண்டு அப்படியே நின்றுவிட்டது. "கறை போகவில்லை. அவள் போகவிடவில்லை." அதோடு முடிகிறது. நாவலுக்குப் பெயரும் அதுதான், 'கறை'.

எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லையாம்.

கட்டை விரலாலேயே முழு நாவலையும் போனில் அடித்து ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் அனுப்பினார். ஓர் இடத்தில் பதிலே இல்லை. ஓர் இடத்தில், நீங்கள் யாருடைய சிபாரிசில் வந்தீர்கள் என்று கேட்டார்கள். இன்னொருவர், முன்னுரை யார் தருவார்கள் என்று கேட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பெரும்பாலும் வந்த பதில் ஒன்றுதான்: "பரிசீலனையில் இருக்கிறது." அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடியேறிவிட்டது. குழாய் ஒழுகுதே, எப்போ சரி பண்ணுவீங்க என்று மகள் கேட்டால், "பரிசீலனையில இருக்கு" என்பார். எனக்குக் கொஞ்சம் டீ போடேன் என்று நான் கேட்டால், "பரிசீலனையில இருக்கும்மா" என்பாள் மகள். சிரிப்போம். வருஷம் போகப் போக அவர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். அச்சடித்ததில் ஒரு பங்கை நாங்களே காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். அந்த அலுவலகத்துக்கு நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். படிக்கட்டு முழுக்கப் புத்தகக் கட்டு. ஏறுகிறவர் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். மேலே ஒரு அறை, பதிப்பாளருக்கு ஒரு மேசை, பக்கம் வடிவமைக்கிற பெண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டர். வருகிறவருக்கு நாற்காலி இல்லை. கட்டின் மேலேயே உட்கார வேண்டியதுதான்.

பதிப்பாளர் ஒத்துக்கொண்ட அன்றைக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே பதிப்பாளர், அட்டை வரைகிறவருக்குப் போன் போட்டார். "புது நாவல். பேரு கறை. ஆமா, கறை. கொஞ்சம் சோகமா இருக்கட்டும்." தன் நாவலின் பெயரை இன்னொருவர் வாயால் முதல் தடவையாகக் கேட்ட சந்தோஷத்தில் மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அட்டை அச்சாகி வந்தது. ஒரு கடல், சாயங்கால வெயில், யாரும் இல்லாத ஒரு படகு. மேலே பெரிய எழுத்தில் 'கரை'.

எனக்கு இதை மகள்தான் விளக்கினாள். நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். எழுத்தில் வேறாம். துணியில் படுவதற்குப் பெரிய ற, கடலுக்கும் ஆற்றுக்கும் சின்ன ர. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. பார்த்துப் போடு என்று சொல்லியிருக்கிறேன். போட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை வாசிக்கிற நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"சார், இது சின்ன ர. என்னோடது பெரிய ற."

பதிப்பாளர் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, ஆமா. ஆனா படம் நல்லா வந்திருக்குல்ல?"

"சார், என் கதையில கடலே கிடையாது."

"கதையில இல்லாட்டி என்ன, வாழ்க்கையில இருக்கே. எல்லாரும் ஏதோ ஒரு கரையத் தேடித்தானே போறோம்? யோசிச்சுப் பாருங்க, இதுதான் விரிஞ்ச அர்த்தம். உங்களோடது கொஞ்சம் சலவைக் கடை மாதிரி இருக்கு."

"நான் சலவைக் கடையிலதானே சார் இருக்கேன்."

"அது எனக்குத் தெரியும். வாசகருக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் குரலை இறக்கினாராம். "இங்க பாருங்க, அட்டை மொத்தமும் அச்சாயிடுச்சு. மாத்தணும்னா இந்தக் கண்காட்சிக்கு வராது. அடுத்த வருஷம் பார்க்கலாம். பரிசீலனையில வைக்கிறேன்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மாப்பிள்ளை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அதைக் கேட்டதும் ஒடுங்கிப்போனார். அட்டையில் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே ஒரு எழுத்து மாறக் கூடாது என்று சொன்னார். "உள்ள நாங்க ஏன் சார் கை வைக்கப்போறோம்" என்றார் பதிப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கை வைக்கவில்லை.

புத்தகம் வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் அன்றைக்குத் தூங்கவில்லை. "நான்தான் முதல்ல வாசிப்பேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். சத்தமாக வாசித்தாள். கதை ஓடியது. புருஷன் உயிரோடு இருக்கும்போது பெண்டாட்டியிடம் சண்டை போடுகிற இடம் வந்தது. "உன்மேல எனக்கு அக்கறை இல்லையா?" என்று அவன் கேட்கிற இடம். அங்கே மகள் நின்றாள். திரும்ப ஒருதரம் வாசித்தாள். புத்தகத்தை மாப்பிள்ளை பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் பார்த்தார். அப்புறம் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னடி ஆச்சு? சரியாத்தானே வாசிச்சே?"

"வாசிச்சது சரிம்மா. போட்டிருக்கிறது அக்கரை."

"அதானே நானும் கேட்டேன்."

"ஐயோ அம்மா! 'உன்மேல எனக்கு அந்தப் பக்கத்துக் கரை இல்லையா'ன்னு கேக்குறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அதை விழுங்கினேன்.

பக்கம் வடிவமைக்கிற அந்தப் பெண் செய்த வேலை. அட்டையில் சின்ன ர, உள்ளே எல்லாம் பெரிய ற. எழுதினவர் சலவைக் கடைக்காரர், பாவம், எழுத்து தெரியாமல் போட்டிருக்கிறார், கண்காட்சியில் யாராவது கேலி பண்ணிவிடப் போகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி, நாவல் முழுக்க இருந்த கறை எல்லாவற்றையும் கரையாக்கிவிட்டாள். அக்கறைக்குள் இருந்த கறையையும் அது விட்டுவைக்கவில்லை. போய்க் கேட்டதற்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கறையாத்தான் சார் மாத்தினேன்" என்றாள். மாப்பிள்ளையால் அவளைத் திட்ட முடியவில்லை. உட்கார்ந்திருந்த கட்டு அவருடைய நாவல் கட்டுதான் என்பதை எழுந்தபோதுதான் பார்த்தாராம்.

"ரெண்டாம் பதிப்புல எல்லாத்தையும் சரி பண்ணிடலாம் சார்" என்றார் பதிப்பாளர்.

"ரெண்டாம் பதிப்பு எப்போ சார்?"

"முதல் பதிப்பு வித்ததும்."

இந்தப் பதிலை வீட்டில் வந்து சொன்னார். நாங்கள் மூன்று பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சரியான புத்தகம் வர வேண்டுமானால் தப்பான புத்தகத்தை விற்க வேண்டும். தப்பான புத்தகத்தை யார் கையிலும் கொடுக்க இவருக்கு மனசு வரவில்லை. கொடுக்காமல் இருந்தால் சரியான புத்தகம் வரவே வராது. இதற்கு என்ன பண்ணுவது என்று நான் ரொம்ப யோசித்தேன். என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். "மாப்பிள்ளை, நீங்க சத்தம் போட்டு வாசிங்க. காதுல விழுறப்ப உங்க புத்தகம் சரியாத்தானே இருக்கு" என்றேன்.

அவர் கேட்கவில்லை. நான் விடவில்லை. வெளியீடு என்று பதிப்பகத்து மாடி அறையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். நான் போனது அதற்குத்தான். இஸ்திரி போடுகிற பெண்கள் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார்கள், உடம்பெல்லாம் ஆவி வாசனையோடு. அவர்தான் வாசித்தார், முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அந்தச் சட்டை வீட்டுக்கு வந்து சேருகிற இடத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். என் காதில் அந்த நாவலில் ஒரு பிழையும் இல்லை. கேட்ட யாருக்கும் இல்லை. வாசித்து முடித்ததும் அந்தப் பெண்கள் கூடிப் பேசி ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மதியம் அதில் ஒருத்தி அவருடைய மேசைக்கு வந்து, "கறைக்காரரே, நேத்து நீங்க வாசிச்ச புத்தகம் வேற, நாங்க வாங்கினது வேறயா?" என்று கேட்டாளாம்.

அவருடைய அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். நல்லது கெட்டது எதற்கு வந்தாலும் ஒரு குத்தல் வைக்காமல் போக மாட்டார். புத்தகத்தைக் கையில் வாங்கி அட்டையைப் பார்த்துவிட்டு, "எப்படியோடா, ஒருவழியா கரை சேர்ந்துட்ட" என்றார். மாப்பிள்ளை, "ஆமாண்ணே" என்றார்.

எங்கள் பங்குக்கு வந்த கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. விடுமுறை நாளில் ஒரு கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, மெல்லிய கறுப்புப் பேனாவால் சின்ன ரவைப் பெரிய ற ஆக்கிக்கொண்டிருப்பார். அந்தத் தாள் மட்டமான தாள், மை ஊறியது. மருந்துத் தண்ணீரிலேயே கிடந்து வெடித்த விரல், பேனா பிடித்தால் வலிக்கும். "இப்பதாங்க உள்ள நிஜமாவே கறை இருக்கு" என்றாள் மகள். அவர் சிரித்தார். அந்தப் புத்தகம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு புத்தகம்கூட முழுசாகத் திருத்தி முடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார், அது மூடியபடியே இருந்தது.

ஒரு நாள் அவருக்குப் போன் வந்தது. விரலில் களிம்பு போட்டிருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டார். நாங்களும் கேட்டோம்.

"கரை எழுதினவர்தானே பேசுறது?"

"ஆமாங்க."

"நான் கப்பல்ல இஞ்சின் பார்த்தவன். இப்போ வீட்டோட இருக்கேன். அட்டையில படகைப் பார்த்ததும் எடுத்துட்டேன். மொத்தமும் படிச்சுட்டேன்."

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். நாவல் வந்த பிறகு முழுசாகப் படித்ததாகச் சொன்ன முதல் ஆள்.

"ஒரு சந்தேகம் தம்பி. படகு எந்தப் பக்கத்துல வருது?"

"படகு... வராதுங்க."

"வராதா? கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேனே! நடுவுல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ளதான் இருக்கும்னு ஆவி காட்டிப் பிரிச்சுப் பார்த்தேன்."

"ஐயா, அது அந்தக் கரை இல்லீங்க. கறை."

"அதான் நானும் சொல்றேன், கரை."

"இல்லீங்க. பெரிய ற போட்ட கறை."

"பெரிய கரைன்னா? துறைமுகமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். மாப்பிள்ளை போன் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "துணியில படுமே ஐயா. ரத்தம், மை, எண்ணெய். அந்தக் கறை."



"அடடா," என்றார் கப்பல்காரர். "அப்போ அந்தம்மா சட்டையில இருந்தது அதுவா? சட்டைக்கு ஏது கரைன்னு நானும் யோசிச்சேன். அதைத்தான் துவைக்க மாட்டேன்னாளா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கே தம்பி! அதை ஏன் புத்தகத்துல போடல?"

கப்பல்காரர் நல்ல மனுஷர். கண் ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

அதற்கப்புறம் பதிப்பாளரிடமிருந்து ஒரு போன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வழிகாட்டி போடப்போகிறாராம், அதுதான் விற்கிறதாம், இடம் வேண்டுமாம். நாவல் கட்டுகளை வந்து எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை பழைய காகிதத்துக்குப் போட்டுவிடட்டுமா?

"போட்டுட்டா, ரெண்டாம் பதிப்பு சார்?"

"அது பரிசீலனையில இருக்கட்டும் சார்."

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இனி ஒரு செருப்பு வைக்கக்கூட இடமில்லை. "எடுத்துட்டு வந்துடுங்க மாப்பிள்ளை, என் கட்டிலுக்கு மேலயே அடுக்குங்க, நான் கீழ படுத்துக்கிறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன். "வேண்டாம் அத்தை, அது என்னோடது இல்ல" என்றார். காகித வண்டி வந்து ஏற்றிய அன்று, வேலை முடிந்து அந்தத் தெருவுக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார் என்று பின்னால் தெரிந்தது. படகு படம் போட்ட அட்டைகள் வெயிலில் பளபளவென்று இருந்தனவாம்.

இப்போதும் விரிப்பு ஊறுகிறது, இவர் பக்கத்தில் நிற்கிறார். தாள் இல்லை. கண் இரண்டும் துணி மேல்தான். வேலை முன்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று முதலாளி சொன்னாராம். அதைக் கேட்டு என் மகள் அழுதாள்.

போன வாரம் கப்பல்காரர் மறுபடி கூப்பிட்டார். ஆபரேஷன் ஆகி, கண் தெளிந்துவிட்டதாம். ஆனால் புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம். வேறு ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளைப் பார்த்தார். "தீர்ந்துபோச்சுங்க" என்றார்.

"பார்றா! வித்துடுச்சா? அப்போ அடுத்தது எப்போ? அதுலயாவது படகு வருமா தம்பி?"

"வரும்ங்க," என்றார் மாப்பிள்ளை.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அத்தை, நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?"

"இல்லையே மாப்பிள்ளை. நீங்க?"

இல்லை என்று தலையை ஆட்டினார். நான் களிம்பு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.